தொழில்: ஒன்றுமில்லை

காலைச் சமையல் முடிந்து மிஷினில் உட்கார்ந்தால், மத்தியான லுஹர் பாங்கு கேட்ட பிறகுதான் ரஹமத்துன்னிசாவின் கால் நிற்கும். தொழுது, சோறு தின்று, மறுபடி உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் கடகடதான். அப்படிப்பட்டவளைத் தெருவில் யாராவது நிறுத்தி, "என்னம்மா பண்ணிட்டிருக்கே?" என்று கேட்டால், "சும்மாதாங்க இருக்கேன்" என்பாள். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்கும் தோன்றாது, பொய் கேட்கிறோம் என்று அவர்களுக்கும் தோன்றாது. ஆம்பிளை கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாலும் அது வேலை. பொம்பளை முதுகு ஒடியத் தைத்தாலும் அது சும்மா. நம் ஊர் வழக்கம் அப்படி. அந்த வழக்கம் லண்டன் விசா காயிதத்தில் செல்லாது என்பது எழுபத்தொன்பதாம் வருஷம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

அவள் புருஷன் நசீருதீன் லண்டனில் ஒரு ரொட்டி ஃபேக்டரியில் வேலை செய்தான். லீவில் ஊருக்கு வந்தவன் நிக்காஹ் பண்ணிக்கொண்டு, நாலு மாசம் அவளோடு இருந்துவிட்டு, தனியாக ஓர் அறை அமைந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டான். அந்த அறை அமைய இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் திருவண்ணாமலையில் அவனுடைய அண்ணன் பீர் முகம்மது வீட்டின் பின்கட்டில் ஒரு ரூம் அவளுக்கு. முன்கட்டில் அண்ணன், அண்ணி ஜாஹிரா, பிள்ளைகள், சத்தம், சிரிப்பு எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், சண்டைக்குக்கூடக் கூப்பிடுவார்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டால் அவளும் மிஷினும்தான். நோன்பு மாசத்தில் விடியுமுன் சஹருக்கு எழுந்து தனியாக உட்கார்ந்து சோறு பிசைகிறபோது, நாலு மாசம் கேட்ட புருஷன் குரலை நினைத்து நினைத்துப் பார்ப்பாள். முகம் வரும். குரல் வராது. அது அவளுக்குப் பயமாக இருந்தது.

குரல்தான் போயிற்றே தவிர, அவன் சொன்ன பேச்சு ஒன்று மட்டும் போகவில்லை. அந்த மிஷினே அவன் வாங்கிக் கொடுத்ததுதான். ராஜமாணிக்கம் ஜவுளிக்கடையிலிருந்து முதல் கட்டு உள்பாவாடைத் துணியைத் தோளில் தூக்கிவந்து போட்டவனும் அவன்தான். "இது பொழுதுபோக்கு இல்ல ரஹமத்து, வேலை. நான் ரொட்டி சுடறேன், நீ துணி தைக்கிறே. ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. உம்மா சொன்னதில்லை, ஊர் சொன்னதில்லை. அவள் அதை வைத்துக்கொண்டுதான் அந்த இரண்டு வருஷத்தைத் தள்ளினாள்.

ராஜமாணிக்கம் கடைத் துணி ஒரு பக்கம். தெருப் பெண்களின் ரவிக்கை ஒரு பக்கம். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அது வெளியே தெரியக்கூடாதது. சாம்பமூர்த்தி குருக்கள் பூஜை செய்கிற சின்ன அம்மன் கோயில் ஒன்று உண்டு. அந்த அம்மனுக்குப் பட்டுப் பாவாடை தைக்கிறது குருக்களின் சம்சாரம் பாகம்பிரியாள். ஜரிகை பார்டர் வைத்து, கொசுவம் கலையாமல், குஞ்சலம் தொங்கத் தைப்பாள்; "மாமி கைக்குப் பொன்னால காப்பு போடணும்" என்று சேவிக்க வந்தவர்கள் சொல்வார்கள். மாமிக்கு விஷக்காய்ச்சல் வந்து போன பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் ரஹமத்துன்னிசாவின் தையலைப் பார்த்தாள். அப்புறம் பட்டு கொல்லைப்புறமாக வந்தது, பாவாடையாகக் கொல்லைப்புறமாகவே போயிற்று. பொன் காப்பு பேச்சு மட்டும் மாமிக்கே நின்றது.

விசா ஃபாரம் வந்ததும் அதை நிரப்பியவர் பீர் முகம்மது. தேரடிப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், இங்கிலீஷில் இரண்டு வரி எழுதத் தெரிந்தவர், அதனால் வீட்டில் அவர் எழுதினதுதான் எழுத்து. தொழில் என்ற கட்டம் வந்தபோது, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவள், "அண்ணே, தையல்னு..." என்று இழுத்தாள்.

"சரிதான் போ! நம்ம வீட்டுப் பொம்பளை கூலிக்குத் தைக்கிறான்னு சர்க்கார் காயிதத்துல எழுதவா? வீட்டுக்குள்ள நடக்கிறது வேற, காயிதத்துல ஏறுறது வேற."

ஒன்றுமில்லை என்று எழுதி, கீழே கெட்டியாக ஒரு கோடும் போட்டார். அவளும் கையெழுத்துப் போட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் நசீருதீன் தன் ஃபாரத்தை உட்கார்ந்து நிரப்பினான். மனைவியின் தொழில் என்ற இடத்தில், சொந்தமாகத் தையல், இன்ன வருஷத்திலிருந்து, என்று பெருமையாக எழுதினான். பாவி மனுஷன், பெருமைக்கும் ஒரு காலநேரம் வேண்டாமா!

மெட்ராஸ் விசா ஆபீசில் ஒரு வெள்ளைக்காரரும், பக்கத்தில் தமிழ் சொல்ல ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பீர் முகம்மதுவை வெளியே நிறுத்திவிட்டார்கள். கேள்விமேல் கேள்வி. உங்கள் புருஷனுக்கு என்ன குழம்பு பிடிக்கும்? வலது பக்கம் படுப்பாரா, இடது பக்கமா? உடம்பில் தழும்பு உண்டா? வேறு பெண்ணாக இருந்தால் கூசிப்போயிருப்பாள். ரஹமத்துன்னிசாவுக்கோ சந்தோஷமாக இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அவனைப் பற்றி அவளிடம் இவ்வளவு விசாரித்தவர் யார்? முழங்கைத் தழும்பைச் சொன்னாள், சைக்கிளிலிருந்து விழுந்த கதையையும் சேர்த்துச் சொன்னாள். அந்த அம்மா சிரித்தாள்.

அப்புறம் வெள்ளைக்காரர் இரண்டு ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் நீங்க தையல் வேலை செய்யறதா எழுதியிருக்கார். நீங்க வேலையே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. புருஷன் பெண்டாட்டின்னா இதுகூடவா ஒத்துப்போகாது? ரெண்டுல ஒண்ணு பொய். எது நிஜமோ அதுக்கு அத்தாட்சியோட அடுத்த தடவை வாங்க. அப்பவும் ஒத்துப்போகலைன்னா கஷ்டம்" என்றாள் அந்த அம்மா.

திரும்பும் பஸ்ஸில் பீர் முகம்மது கொதித்துக்கொண்டே வந்தார். "நான் எழுதினதுதான் நிஜம்னு நில்லு. அந்தக் கிறுக்கன் எதுக்கு அப்படி எழுதினான்? அவனே மாத்திக்கட்டும்."

அவள் தன் பேச்சில் நின்றால், சத்தியம் பண்ணி எழுதிக்கொடுத்த நசீருதீன் அல்லவா பொய்யன்? அவளை வேலை செய்கிறவள் என்று உலகத்தில் ஒருத்தன் மதித்தான், அவனைப் பொய்யனாக்கிவிட்டு அவனிடமே போய்ச் சேர்வதா? அவன் சொன்னதுதான் உண்மை. அந்த உண்மைக்கு அத்தாட்சி தேடுவது என்று கீழ்பென்னாத்தூர் தாண்டுவதற்குள் முடிவு பண்ணிவிட்டாள்.

அதை அவனுக்கு எழுதிவிட்டாலே பாதி வினை தீர்ந்திருக்கும். ஆனால் எழுதுவது எப்படி? அந்த வீட்டில் லண்டன் கடுதாசி என்றால் அது புருஷன் பெண்டாட்டி சமாசாரம் இல்லை, ஊர்ச் சொத்து. வந்த கடுதாசியைப் பீர் முகம்மது உரக்கப் படிப்பார், அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் உட்கார்ந்து கேட்பார்கள். போகிற கடுதாசியையும் ஒட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு தடவை பார்ப்பார். அதில் கூலித் தையலைப் பற்றி எழுத முடியுமா, அம்மன் பாவாடையை எழுத முடியுமா? ஆகவே இப்படி எழுதினாள்: தொழில் கட்டத்தில் என் ஃபாரத்தில் ஒன்றுமில்லை என்று இருப்பதால் நாம் ரெண்டு பேரும் எழுதினது ஒத்துப்போகவில்லையாம். ஒத்துப்போனால்தான் விசாவாம். நீங்கள் கவலைப்படாதீர்கள், இன்ஷா அல்லா நான் சரிபண்ணிவிடுகிறேன்.

முதலில் ராஜமாணிக்கம் கடைக்குப் போனாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இத்தனை நாள் உங்கள் கடைக்குத் தைத்தேன் என்று இரண்டு வரி எழுதிக்கொடுங்கள் என்று கேட்டாள். மனுஷன் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அட என்னம்மா நீ, என் தலையில கல்லைப் போடறே! வெளியில தைக்கக் கொடுக்கிறேன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு லேபர் இன்ஸ்பெக்டர் என் கடையில வந்து உக்காந்துக்குவான். நீ எங்கம்மா வேலை செஞ்சே? ஏதோ நசீர் பாய் முகத்துக்காக, வீட்டுல சும்மா இருக்கிற பொண்ணாச்சேன்னு துணி குடுத்தேன். ஒரு ஒத்தாசை. அதைப் போய் வேலைங்கிறியே."

அவர் பின்னால் அலமாரியில் அடுக்கிவைத்திருந்த உள்பாவாடைகளில் பாதி அவள் கை பட்டவை. அவற்றைக் கண்ணால் எண்ணினாள். பிறகு ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ரவிக்கை தைத்துக்கொண்ட தெருப் பெண்களோ கேட்டவுடனே சிரித்தார்கள். "எங்களுக்கு எழுதவா தெரியும்? தெரிஞ்சாலும், ஏன்டி, நமக்குள்ள தைச்சிக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். அதுதான் ஜாஸ்தி வலித்தது.

கடைசியில் பாகம்பிரியாள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் மாமி உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எது வேணும்னாலும் கேளுடி, இதைக் கேக்காதே. அம்மனுக்குத் தைக்கறது நான்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கு. நானும் ஆமாம்னு தலையாட்டிண்டிருக்கேன். அவருக்கே தெரியாதுடி."

"அது எனக்கும் தெரியும் மாமி. தெரிஞ்சிதான் கேக்கிறேன். எனக்கு வேற போக்கில்ல."

"என்னால முடியாதுடிம்மா. மன்னிச்சுடு."

ரஹமத்துன்னிசா கோபப்படவில்லை. மாமிக்கு இருக்கிறது அந்த ஒரு பேர், அதைப் பிடுங்கவா முடியும்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். விசாவுக்காக அழுதாளா, வேறெதற்காவது அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தான் செத்துப்போனால், இந்த இரண்டு வருஷம் தான் என்ன செய்தோம் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு நாதி இல்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நசீருதீனின் பதில் வந்தது. பீர் முகம்மது வழக்கம்போல உரக்கப் படித்தார். ஊர் நலம், உடல் நலம், குளிர் ஜாஸ்தி என்பதெல்லாம் முடிந்து கடைசியில் ஒரு வரி: ரஹமத்துக்குச் சொல்லவும், கவலைப்பட வேண்டாம், நானும் இங்கே எல்லாம் சரிபண்ணிவிட்டேன். அவள் அதைக் கேட்டு மனம் குளிர்ந்துபோனாள். தன் பங்குக்கு அவனும் ஏதோ அத்தாட்சி சேர்த்து அனுப்பியிருக்கிறான், இனி நம் பங்குதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டாள்.

மெட்ராஸுக்குப் போக வேண்டிய வாரத்தில், வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், பாகம்பிரியாள் வந்தாள். கொல்லைப்புறமாக அல்ல, தெருவழியாக, நடுவாசல் வழியாக, அத்தனை பேர் பார்க்க வந்தாள். தெருவழியாக அந்த வீட்டுக்கு அவள் வந்ததே அதுதான் முதல் தடவை. ஜாஹிரா வாயைப் பிளந்துகொண்டு வழிவிட்டாள்.

பின்கட்டு ரூமில் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மடித்த காகிதத்தை நீட்டினாள். நடுங்கிய எழுத்தில் அவளே எழுதியது. அம்மனுக்குப் பாவாடை தைத்தது ரஹமத்துன்னிசா என்கிற பெண். நான் தைக்கவில்லை. அவ்வளவுதான். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே சாம்பமூர்த்தி குருக்களின் சாட்சிக் கையெழுத்து.

"மாமி..."

"அவர்கிட்ட சொல்லிட்டேன்டி. பூஜைக்கூடையைக் கீழ வச்சார். அப்புறம், தச்சவ பேரைச் சொல்றதுல அம்மனுக்கு என்னடி குறைச்சல்னார். தர்மகர்த்தாகிட்டயும் அவரே சொல்லிட்டார். இனிமே பாவாடையை அவா கடையிலயே வாங்கிக்கறாளாம். போறது போ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தூக்கமே வரலைடி. நீ இங்க தனியா உக்காந்து தச்சிண்டிருந்தே, நான் அங்க பேர் வாங்கிண்டிருந்தேன்."

ரஹமத்துன்னிசா அந்த நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டாள். நசீருதீனுக்கு அப்புறம் அவள் செய்தது வேலை என்று சொல்ல இரண்டாவதாக ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அதுவும் எழுத்தில்.

மறுபடி அதே ஆபீஸ், அதே வெள்ளைக்காரர், அதே அம்மா. காகிதம் கைப்பைக்குள் இருந்தது. பஸ்ஸில் வருகிறபோதே பேச்சை உருப்போட்டு வைத்திருந்தாள்: ஐயா, என் புருஷன் எழுதினதுதான் நிஜம். நான் எழுதினது தப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைக்காரர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். அந்த அம்மா முகமலர்ச்சியோடு தமிழில் சொன்னாள்.

"நல்ல சேதிம்மா. உங்க வீட்டுக்காரர் அங்க வக்கீல் முன்னால சத்தியம் பண்ணி எழுதி அனுப்பியிருக்கார். என் மனைவி ஒருநாளும் எந்த வேலையும் செய்ததில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள், முதலில் நான் எழுதினது என் தவறு, அப்படின்னு. இப்ப ரெண்டும் ஒத்துப்போச்சு. நீங்க ஆமாம்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவன் பொய்யனாகக்கூடாது என்று இவள் ஊரெல்லாம் அலைந்தாள். இவள் பொய்க்காரியாகக்கூடாது என்று அவன் அங்கே தன் வார்த்தையையே விழுங்கிவிட்டான். எல்லாம் சரிபண்ணிவிட்டேன் என்றானே, இதைத்தான் சரிபண்ணியிருக்கிறான். இது வேலைதான் ரஹமத்து என்று சொன்ன ஒரே வாய், சும்மா இருக்கிறாள் என்று சத்தியம் பண்ணிவிட்டது. அவன் ஆசையால் செய்தான், அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் அழக்கூட முடியவில்லை.

அவள் கை பைக்குள் போயிற்று. காகிதத்தின் மடிப்பு விரலில் பட்டது.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "யோசிச்சிச் சொல்லுங்க. இப்ப ஒரு வார்த்தை மாறினாலும் அவர் பண்ண சத்தியம் பொய்யாயிடும். அப்புறம் அவருக்கே அங்க சங்கடம்."

வெள்ளைக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"பையில என்ன?" என்றாள் அந்த அம்மா.

"கைக்குட்டைங்க" என்றாள் ரஹமத்துன்னிசா. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"அப்ப எழுதினதெல்லாம் சரிதானே? நீங்க என்ன பண்றீங்க?"

"வீட்டுலதாங்க. சும்மா."

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த பீர் முகம்மதுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா? கடைசியில நான் எழுதினதுதான் ஜெயிச்சுது!" என்று டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தார். பஸ்ஸில் வழிநெடுக, அங்கே போன பிறகும் யார் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்ல வேண்டும், ஏர்போர்ட்டில் கேட்டாலும் இதேதான், ஆயுசுக்கும் மாற்றக்கூடாது என்று புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். அவள் தலையாட்டினாள். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. புருஷனிடம் போகப்போகிறோம் என்ற சந்தோஷம் நெஞ்சில் எங்கேயோ இருக்கத்தான் செய்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் ஒருநாளும் இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த நாள் காலை பாகம்பிரியாள் வீட்டுக்குப் போனாள். மாமி வாசலுக்கே ஓடிவந்தாள்.

"என்னடி ஆச்சு? என் கடுதாசி உபயோகப்பட்டுதோ?"

ரஹமத்துன்னிசா அந்த முகத்தைப் பார்த்தாள். சுவரோரமாக, பட்டு வைத்திருந்த கூடை வெறுமையாகக் கிடந்தது.

"அதுதான் மாமி காப்பாத்துச்சு. அதைப் படிச்சதும் உடனே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"நெஜமாவாடி! அப்போ என் எழுத்து சீமைக்காரன்கிட்ட இருக்குன்னு சொல்லு."

"பத்திரமா இருக்கு மாமி."

பாகம்பிரியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போன பேருக்கு அந்தச் சிரிப்பாவது ஈடாகட்டும் என்று நினைத்துக்கொண்டு ரஹமத்துன்னிசா வீடு திரும்பினாள்.

ரூமில் பெட்டி பாதி கட்டியிருந்தது. மிஷினை ஜாஹிராவின் மகளுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. கைப்பையைக் கவிழ்த்து, உள்துணியை ஓர் ஓரத்தில் பிரித்து, மாமியின் காகிதத்தை அதற்குள் வைத்தாள். நூலைக் கோத்து, ஊசியை இறக்கி, பிரித்த ஓரத்தை மூடி அடித்தாள். இரண்டு தடவை ஓட்டினாள், பிரியாமல் இருக்க. கடைசித் தையல் என்று கால் மெதுவாகத்தான் மிதித்தது.

முன்கட்டிலிருந்து ஜாஹிரா கேட்டாள். "என்னடி ரஹமத்து, என்ன பண்றே?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சும்மாதான்க்கா இருக்கேன்."